விக்கல் மதகு நினைவிருக்கிறது, கதாநாயகி பெயர் மறந்துவிட்டது

கடைமடை (இழையைத் தொடங்கியவர்)

ஈரோட்டுப் பக்கத்து வாசக நண்பர்களுக்குள் மூன்று மாதமாக ஒரு நாவல் பிரதி கைமாறிக்கொண்டிருக்கிறது. மிகுபுனைவு. 612 பக்கம், ஸ்பைரல் கட்டு, இன்னும் தலைப்பு வைக்கவில்லை. எழுதியவர் நம்மில் ஒருவர். இது அவருக்கு முதல் நாவல். "என் பெயரை மட்டும் விட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், நானும் படித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். துணிச்சல்காரர்.

நேற்று இரவு முடித்தேன். காலையில் பல் துலக்கும்போது ஆறாம் மதகு ஞாபகத்துக்கு வந்தது. நாவலில் அதற்கு விக்கல் மதகு என்று பெயர். பலகையைத் தூக்கியதும் முதலில் காற்று வரும், அப்புறம் சேறு, அப்புறம் விக்கி விக்கித் தண்ணீர். சத்தம்கூடக் காதில் இருக்கிறது. சரி, கதாநாயகி பெயர் என்ன என்று யோசித்தேன். வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பிரதியைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டேன். 612 பக்கம் கூடவே நடந்தவள்!

படிக்காதவர்களுக்காக அந்த உலகத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். மூன்று பக்கம் மலை, மேற்கே ஒரு கணவாய், அதன் வழியே வருஷத்தில் நான்கு மாதம் காற்று. மழை குறைவு. ஒரே வாய்க்கால், நாற்பது மதகு. பாம்பு ஊர்ந்து போன தடத்தில் வெட்டிய வாய்க்கால் அது. நம் காலிங்கராயன் வாய்க்காலைப் பற்றி ஊரில் சொல்வார்களே, அதே கதைதான். ஆனால் இங்கே அந்தப் பாம்பு இன்னும் அடியில் படுத்திருக்கிறது; ஒவ்வொரு வளைவும் அதன் ஒரு சுருள்.

ஒற்றைப்படை மதகுகளுக்கு ஓர் ஆண்டு தண்ணீர், இரட்டைப்படைக்கு மறு ஆண்டு. கீழ்பவானிப் பாசனக்காரர்களுக்கு இது புதிதல்ல. நமக்கு ஒரு பாதிக்கு நஞ்சை என்றால் மறுபாதிக்குப் புஞ்சை, அடுத்த ஆண்டு மாறிக்கொள்ளும். நாவலாசிரியர் ஒரு படி மேலே போகிறார்: தண்ணீர் இல்லாத ஆண்டில் அந்த ஊராரின் வாக்கும் செல்லாது. சாட்சி சொல்ல முடியாது, பத்திரம் எழுத முடியாது, பெண் கொடுக்க முடியாது. வாக்குக் கொடுப்பது எப்படி? ஒரு கல்மணியை எடுத்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் துளையிட வேண்டும். இரண்டு துளையும் நடுவில் சந்தித்தால் வாக்கு நின்றது. சந்திக்காவிட்டால் அது வெறும் கல்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கதாநாயகி இரட்டை மதகுக்காரி, அவள் காதலன் ஒற்றை மதகுக்காரன். இருவருடைய வாக்கும் ஒரே ஆண்டில் செல்ல வழியே இல்லை. அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் அரைத்துளை மணி என்றைக்குமே முழுத்துளை ஆகாது.

இந்த ஒரு விதிக்குள்ளேயே முழு நாவலும் இருக்கிறது. ஆனால் 41ஆம் பக்கத்தில் முடிந்த அந்த மணியை அவள் மறுபடி அவிழ்ப்பது 388ஆம் பக்கத்தில். நடுவில் என்ன செய்தாள்? எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டினாள்.

படித்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றியதா?

கிளுவைவேலி

அண்ணா, நான் உங்களோடு சண்டைக்கு வருகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஒரு நாவலில் 34 பக்கம் எழுதியிருக்கிறார்கள் என்றால் அது போதும் எனக்கு. கிளுவைப் போத்தை வெட்டி நட்டு வேலி பிடிப்பது, கொழுக்கட்டைப்புல் மழைக்குத் தலை தூக்குவது, வெள்வேலங்காய் உதிரும் காலத்தில் ஆடுகள் மரத்தடியிலேயே நிற்பது எல்லாமே அதில் இருக்கிறது. வேலிக்கும் உயிர் உண்டு, பொய் சொன்னவனை உள்ளே விடாது என்று அவர் சேர்த்திருப்பதுதான் கற்பனை. மற்றதெல்லாம் என் பாட்டி வீட்டு நிலம்.

கன்றுக்குட்டி இடம் நினைவிருக்கிறதா? காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக, செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் போல நிறம் மாறி மயிலைக்கு, சாம்பல் நிறத்துக்குப் போகும். இங்கே மாடு வளர்த்த எவருக்கும் தெரியும். நாவலில் அந்த நிறம் மாறும் வாரத்தில் யாரும் புதுக் காரியம் தொடங்குவதில்லை. உலகம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத வாரம் அது. எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்.

மெதுவாகப் போகிறது என்பதெல்லாம் குறையா? மேட்டாங்காட்டில் வாழ்க்கை அப்படித்தான் போகும்.

சென்னிமலைத்தறி

வாழ்க்கை மெதுவாகப் போகட்டும், தம்பி. வாழ்க்கையை யாரும் என்னிடம் ஸ்பைரல் போட்டுக் கொடுத்து "ஒரு மாதத்தில் திருப்பித் தாருங்கள்" என்று சொல்லவில்லை.

எங்கள் தொழில் பாஷையில் சொல்கிறேன். பாவு, அதாவது நெடுக்கு நூல், ஓட்டியாயிற்று. நல்ல பாவு. இழை அறவில்லை, நிறம் கலங்கவில்லை. ஆனால் குறுக்கே ஓடும் ஊடை போடவில்லை. பாவை மட்டும் தறியில் பூட்டி வைத்துக்கொண்டு "பார், எவ்வளவு நீளம்" என்றால் யார் உடுத்துவது?

முதல் 118 பக்கத்தில் ஒரே ஒரு ஆள்கூட ஒரு முடிவும் எடுக்கவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். வருகிறார்கள், பார்க்கிறார்கள், விளக்குகிறார்கள், போகிறார்கள். கதாநாயகி ஓர் ஊருக்குள் நுழைந்தால் ஒரு கிழவர் எழுந்து அந்த ஊர் வரலாற்றைச் சொல்கிறார். ஆறு ஊர், ஆறு கிழவர்கள். ஆறு பேருக்கும் ஒரே தாடி.

வெண்ணாற்றங்கரை

நான் டெல்டாக்காரன். தபாலில் வாங்கிப் படித்தேன். என் கஷ்டமே வேறு.

கதாநாயகி தினமும் காலையில் "காட்டுக்குப் போனாள்". இருட்டினால் "காட்டிலிருந்து வந்தாள்". நான் புலி, கரடி, அடர்ந்த மரம் என்று மனத்துக்குள் பெரிய வனமே வளர்த்துக்கொண்டேன். இவள் என்ன இவ்வளவு துணிச்சல்காரி என்று வியந்துகொண்டே வந்தால், 90ஆம் பக்கத்தில் அந்தக் காட்டில் அவள் கம்பு அறுக்கிறாள். அப்போதுதான் என் வீட்டம்மா, அவர் கோபிக்காரர், சிரித்துக்கொண்டே சொன்னார்: கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம், கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல்.

இவ்வளவு விளக்கும் நாவல் இதை விளக்கவில்லையே! கற்பனையான பாம்புக்கு ஏழு பக்கம் குறிப்பு இருக்கிறது.

கிளுவைவேலி

வெண்ணாற்றங்கரை ஐயா, அந்த 90 பக்கமும் உங்களுக்குத்தான் நாவல் விறுவிறுப்பாக இருந்திருக்கிறது. பொறாமையாக இருக்கிறது.

கரும்பலகை

முப்பது வருஷம் தமிழ்ப் பாடம் நடத்தியவள். திருத்தும் பழக்கம் விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணி விஷயத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தெரிகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் 1980களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள். அங்கே கல்மணி செய்த தொழிற்கூடம் இருந்ததற்கும், இரும்பு உருக்கியதற்கும் தடயம் கிடைத்தது. செய்து முடித்த மணிகளோடு, வேலை பாதியில் நின்ற மணிகளும் கிடைத்தன. நான் மாணவிகளை ஒருமுறை அழைத்துப் போனபோது அதைச் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள், "பாதியிலேயே ஏன் விட்டுவிட்டுப் போனார்கள், டீச்சர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒருவர் முழு உலகத்தையே கட்டியிருக்கிறார். அதற்காக அவரை நான் வணங்குவேன்.

ஆனால் பேச்சு! எல்லோரும் அரசிதழ் போலப் பேசுகிறார்கள். மதகுக் காவல்காரியும் நாட்டுத் தலைவனும் பத்து வயதுப் பையனும் ஒரே வாக்கியத்தில்தான் மூச்சு விடுகிறார்கள். கதாநாயகி தன் அப்பாவிடம் கோபித்துக்கொள்ளும் இடத்தில்கூட "தாங்கள் அறிந்திருப்பீர்கள், நம் மதகின் முறை மூன்று தலைமுறைக்கு முன்…" என்று தொடங்குகிறாள். அப்பாவுக்குத் தெரிந்ததை அப்பாவுக்கே சொல்கிறாள், நமக்காக. எந்த வீட்டில் மகள் இப்படிச் சண்டை போடுவாள்?

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் மொழிகளைத்தான் முதலில் உருவாக்கினார், கதை பிறகு வந்தது என்று நம் நண்பர் அடிக்கடி சொல்வார். உண்மைதான். ஆனால் அந்த மனிதர் மோதிரத்தைச் சுமப்பவனோடு ஒரு தோட்டக்காரனையும் கூட அனுப்பினார். அத்தனை மலைப் பெயரையும் மொழிப் பெயரையும் நாம் பொறுத்துக்கொண்டது அந்தத் தோட்டக்காரன் சமைத்துப் போடுவதையும் புலம்புவதையும் கேட்பதற்காக. இந்த நாவலில் புலம்ப ஓர் ஆள் இல்லை.

விக்கல் மதகுக் காவல்காரக் கிழவி மட்டும் விதிவிலக்கு. பதினொரு பக்கம்தான் வருகிறாள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளி மதகுப் பலகை இடுக்கில் செருகி வைப்பாள், "அதுக்கும் வாய் இருக்கிறது அல்லவா" என்பாள். அவளைக் கடைசி வரை அழைத்து வந்திருக்கக் கூடாதா?

கடைமடை

டீச்சர் அக்கா கிழவியைச் சொன்னதால் 27ஆம் அத்தியாயத்துக்கு வருகிறேன். 388ஆம் பக்கம். மணியை அவிழ்க்கும் இடம்.

அவள் ஆண்டு அது. தண்ணீர் அவள் பக்கம். அவன் வயல் வெடித்துக் கிடக்கிறது. நடுச்சாமத்தில் லாந்தரை முந்தானையால் மறைத்துக்கொண்டு விக்கல் மதகுக்குப் போகிறாள். கிழவி தூங்குவது போலப் படுத்திருக்கிறாள் (தூங்கவில்லை, நமக்குத் தெரியும்). கதாநாயகி தன் வாய்க்காலில் வைக்கோல் பிரியைப் போட்டு, அதன்மேல் புல்லோடு பெயர்த்த மண்கட்டியை வைத்து மிதிக்கிறாள். கால் சேற்றில் கணுக்கால் வரை இறங்குகிறது. தண்ணீர் நிற்கிறது, யோசிக்கிறது, பிறகு அவன் பக்கம் திரும்புகிறது. ஓர் இரவுக்கு அவன் நிலம் நனைந்தால், ஓர் இரவுக்கு அவன் வாக்கு செல்லும். அதற்குள் மணியின் மறுபாதித் துளையை அவன் போட்டு முடிக்க வேண்டும். விடியும்போது அவளுடைய சொந்த ஊர் நாற்றங்கால் காய்ந்திருக்கும்.

பதினோரு பக்கம். ஒரு விளக்கம் இல்லை, ஒரு கிழவரும் எழுந்து வரலாறு சொல்லவில்லை. இந்த உலகத்தின் விதி முழுவதும் அவள் பாதத்துக்கு அடியில் இருக்கிறது.

எனக்கு அந்த இடத்தில் ஏன் தொண்டை அடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கடைமடை நிலம். பெயரே சொல்லும். சிறுவனாக இருந்தபோது முறைத் தண்ணீருக்கு அப்பாவோடு இரவு காவல் போவேன். எங்கள் முறை இரண்டு மணிக்கு என்றால் தண்ணீர் வரும்போது நாலு மணி. மேலே யாரோ மடையைத் திருப்பியிருப்பார்கள். அப்பா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பிலேயே மேலே போவார். சில நாள் சத்தம் கேட்கும், சில நாள் கேட்காது. திரும்பி வந்து ஒன்றும் சொல்லமாட்டார். மண்வெட்டியைக் கழுவி வைப்பார், அவ்வளவுதான். தண்ணீரைத் திருடியவரை எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த அத்தியாயத்தில் முதல்முறையாக அந்தப் பக்கத்து வரப்பில் நின்று பார்த்தேன்.

28ஆம் அத்தியாயத்தைத் திறந்தால், வாய்க்கால் வரியின் வரலாறு. நாற்பது பக்கம்.

சென்னிமலைத்தறி

அந்த நாற்பது பக்கத்தையும் நான் புரட்டிவிட்டேன். வெட்கப்படவில்லை.

உடுக்கைச்சத்தம்

நான் காதால் கேட்கும் கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் அண்ணன்மார் கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, உடுக்கையடித்துப் பாடுவார்கள். இரவு இரவாகப் போகும். அதைவிட மெதுவான கதையைக் காட்டுங்கள். பாதி ஊர் நடுவில் தூங்கிவிடும். ஆனால் தங்கை கிளி கேட்கும் இடம் வந்தால் எழுந்துவிடுவார்கள், பன்றி வேட்டை வந்தால் எழுந்துவிடுவார்கள். படுகளத்தில் ஆட்கள் நிஜமாகவே சாய்ந்து விழுவார்கள், பெண்கள் அழுவார்கள். அந்தக் கதையில் நாட்டைப் பற்றி எத்தனை விளக்கம் இருக்கிறது? வளநாடு என்பார்கள், நெல் விளையும் என்பார்கள், முடிந்தது. மீதியை நாம் போட்டுக்கொள்வோம்.

அதனால் மெதுவாகப் போவது குற்றம் என்று சொல்லாதீர்கள். தூங்குகிறவனை எழுப்ப ஓர் ஆள் கதைக்குள் வேண்டும்.

கிளுவைவேலி

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. தண்ணீர் இல்லாத ஆண்டில் வாக்கு செல்லாது என்பது மனத்தில் ஊறாவிட்டால் 27ஆம் அத்தியாயம் வேலை செய்யாது. வெறும் காதலர்கள் தண்ணீர் திருடுவதாகத்தான் தெரியும். முன்னால் உள்ள 387 பக்கத்தை வெட்டினால் அந்தப் பதினோரு பக்கமும் சாகும்.

சென்னிமலைத்தறி

நல்ல கேள்வி. இதற்குப் பதில் நாவலிலேயே இருக்கிறது, ஒளித்து வைத்திருக்கிறார். 63ஆம் பக்கம், கீழே, சிறிய எழுத்தில், அடிக்குறிப்பு. யாராவது படித்தீர்களா?

கதாநாயகியின் அப்பா வறண்ட ஆண்டில் ஒரு கொலை வழக்குக்குச் சாட்சி சொல்லப் போகிறார். கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். "உன் மதகு எது?" என்று கேட்கிறார்கள். சொல்கிறார். "அடுத்த ஆண்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். வழி நெடுக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு வரி.

விதி என்னவென்று அந்த நான்கு வரியில் எனக்கு விளங்கிவிட்டது. அவள் ஏன் அந்த இரவு மதகுக்குப் போனாள் என்பதும் விளங்கிவிட்டது. அதை அடிக்குறிப்பில் போட்டுவிட்டு, வரி விகிதத்தை மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்.

கரும்பலகை

நான் அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு. இப்போது கடைமடைத் தம்பியிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் படித்தேன். கண் கலங்கிவிட்டது.

பிரதிக்காரன்

வணக்கம். நான்தான் எழுதியவன்.

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் கோபம் வந்தது. ஆறு தாடி விஷயத்தில் என் மனைவி சிரித்ததும் இன்னும் கோபம் வந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். ஏழு தாடி.

வரைபடம் வரைய மட்டும் நான்கு வருஷம் ஆயிற்று. நாற்பது மதகுக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பலகை என்று குறித்து, ஒரு நோட்டு முழுக்க வைத்திருக்கிறேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் மனம் அடங்கிவிடும். மதகுகள் என்னை எதுவும் கேட்பதில்லை. மனிதர்களை எழுத உட்கார்ந்தால் கேட்கிறார்கள்.

அந்த அடிக்குறிப்பு என் தாத்தா. கொலை வழக்கு இல்லை, ஒரு நில வழக்கு. மதகு இல்லை, வேறு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தது என் அம்மா. எனக்கு அம்மா ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதை மேலே எழுதக் கை வரவில்லை. கீழே, சிறிய எழுத்தில் எழுதினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

28ஆம் அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். கிழவர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

சென்னிமலைத்தறி

அண்ணா, நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். பாவு நன்றாக இருந்ததால்தான் கோபம் வந்தது. ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தாடியை எடுத்துவிடுங்கள்.

கிளுவைவேலி

கொறங்காட்டின் 34 பக்கத்தைத் தொட்டால் நான் காங்கயத்திலிருந்து நடந்தே வருவேன்.

வெண்ணாற்றங்கரை

எனக்கு ஒரே வேண்டுகோள்தான். காடு என்றால் என்ன என்று எங்காவது ஒரு வரி போடுங்கள். இல்லை, வேண்டாம். அடுத்த டெல்டாக்காரனும் என்னைப் போல 90 பக்கம் பயந்துகொண்டு படிக்கட்டும்.

கரும்பலகை

கிழவியை என்ன செய்யப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள் முதலில்.

பிரதிக்காரன்

அன்று இரவு அவள் தூங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது, டீச்சர். நாற்றங்கால் காய்ந்தது எப்படி என்று ஊர் விசாரிக்கும்போது அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் மதகு ஆறு, இரட்டைப்படை. அது அவள் வாக்கு செல்லும் ஆண்டு. என்ன சொல்வாள் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. நேற்று இரவு இரண்டு பக்கம் எழுதினேன். வரைபடத்தைத் திறக்கவில்லை.

கடைமடை

நிர்வாகக் குறிப்பு ஒன்று. பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை உடுக்கைச்சத்தம் அண்ணாவுக்கு, அதற்கடுத்து கோபியிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். 388ஆம் பக்கத்தில் காபிக் கறை நான் வைத்தது இல்லை, வரும்போதே இருந்தது. 389இல் உள்ளது என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.